ஆடம்பர வேகக் கார்களும் அவற்றின் இலாப ஊற்றும்: ஓர் அரசியற் பொருளாதார நோக்கு

ஆடம்பர வேகக் கார்களை, அஃதாவது வழக்கில் ஸ்போர்ட்ஸ் கார் எனப்படுவனவற்றை, உற்பத்தி செய்யும் நிறுவனங்கள் இலாபம் தரும் தொழில்களாக நிலைக்கவல்லனவா என்னும் வினா, தமிழ்ச் சங்கமொன்றின் ஆய்விதழுக்கு முதல் நோக்கில் அந்நியமானதாகவே தோன்றும். மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலோ படுவான்கரையிலோ அத்தகைய காரொன்றைக் கண்ணாற் கண்டவர் சிலரே. வாங்கும் வலுவுடையோர் அதனினும் அரியர். ஆயினும் இவ்வினா நம்மைத் தேடி வந்துள்ளது. இலங்கைப் பொறியியலாளர் வடிவமைத்த மின்சார வேகக் காரொன்றைப் பற்றிய செய்திகள் பத்தாண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகைகளில் இடம்பெற்று வந்துள்ளன. அது நாட்டின் தொழில் எழுச்சிக்குக் கட்டியம் கூறுவது என எமது மாணவரிற் பலர் நம்புகின்றனர். அந்நம்பிக்கையிலே தேசிய உணர்வும் இளமையின் ஆர்வமும் கலந்துள்ளன. நம்பிக்கையை எள்ளி நகையாடுவது எளிது. அதன் பொருளாதார அடிப்படையை ஆராய்வதே ஆய்வாளன் கடன். ஏனெனில், வறிய நாடொன்று தன் அறிவாளரின் உழைப்பை எதிலே இடுவது என்னும் பெருவினா இச்சிறுவினாவினுள் அடங்கிக் கிடக்கின்றது.

இலக்கிய மாணவராகிய எமக்கு இவ்வாராய்ச்சியைத் தொடங்க ஏற்ற இடம் இத்தாலியன்று, புகார் நகரமே. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிலே மாதவியின் ஆடலை வியந்த சோழ மன்னன், தலைக்கோற் பட்டத்தோடு பச்சைமாலையொன்றையும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னையும் அவளுக்கு வழங்குகின்றான். அம்மாலையைக் கூனியொருத்தி எடுத்துச் சென்று, நகரத்துச் செல்வ இளைஞர் திரியும் தெருவிலே நின்று, அதே ஆயிரத்தெட்டுக் கழஞ்சுக்கு விலை கூறுகின்றாள். கோவலன் வாங்குகின்றான். பின்னர் நிகழ்ந்தவற்றைக் கண்ணகி வழிபாடு வேரூன்றிய எமது பிரதேசத்து வாசகருக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

இக்காட்சி பெரும்பாலும் ஒழுக்கவியல் நோக்கிலேயே விளக்கப்பட்டு வந்துள்ளது. அதனைப் பொருளியல் நோக்கிற் காண்போமாயின் வேறொன்று புலப்படும். மாலையைத் தொடுப்பதற்கு ஆகும் உழைப்பு ஒரு நாழிகைக்கு மேற்படாது. அதன் விலை அவ்வுழைப்பிலிருந்து எழுந்ததன்று. அரசன் இட்ட முத்திரையிலிருந்து எழுந்தது. மாலை ஒன்றே ஒன்று; பத்து மாலைகளோடு கூனி நின்றிருப்பாளாயின் எவையும் அவ்விலைக்குப் போயிரா. விற்பனைக் களமும் கவனத்திற்குரியது. பொதுச் சந்தையன்று, மிகைச் செல்வம் கைக்கொண்டோர் உலவும் தெரு. இவற்றுக்கெல்லாம் பின்புலமாக ஏழாண்டுப் பயிற்சியும், ஆடலாசிரியன் தொடக்கம் குழலோன், யாழோன் வரையிலான பலரது உழைப்பும் உள்ளன. அச்செலவு முழுவதையும் மீட்டுத் தருவது ஆட்டமன்று, மாலையே. இன்றைய ஆடம்பர வேகக் காரின் பொருளியல் ஏறத்தாழ முழுமையாக இதனுள் அடங்கும்.

காரல் மார்க்ஸ் தமது ‘மூலதனம்’ நூலின் இரண்டாம் தொகுதியில் நுகர்பொருள் உற்பத்தித் துறையை இரண்டாகப் பிரித்துக் காட்டுகின்றார்: உழைப்பாளருக்கும் இன்றியமையாத பண்டங்களை ஆக்கும் பகுதி ஒன்று, முதலாளி வர்க்கத்தின் நுகர்வுக்கு மட்டுமே உரிய ஆடம்பரப் பண்டங்களை ஆக்கும் பகுதி மற்றொன்று. பின்னையதை வாங்கும் பணம் மிகைப் பெறுமதியிலிருந்தே வருகின்றது. ஆகவே மிகைப் பெறுமதி பெருகும்போது அத்துறை வீங்கும். நெருக்கடி தோன்றும்போது அதுவே பெரிதும் சுருங்கி, அதில் உழைப்போரைத் தெருவில் விடும். 2008 ஆம் ஆண்டு நிதி நெருக்கடியின்போது லம்போகினி நிறுவனத்தின் விற்பனை ஏறத்தாழ 2,400 கார்களிலிருந்து மறுவருடமே 1,500 அளவுக்கு வீழ்ந்தமை இதற்கு ஏற்ற சான்றாகும். மூன்றாம் தொகுதியில், நிலவாரம் பற்றிய ஆராய்ச்சியினிடையே, மற்றொரு கருத்தையும் மார்க்ஸ் தருகின்றார். மிகச் சிறந்த மதுவைத் தரும் திராட்சைத் தோட்டத்தின் விளைவு மிகச் சிறிது. அதன் விலையை உற்பத்திச் செலவு தீர்மானிப்பதில்லை. வாங்குவோரின் வேட்கையும் செல்வ வலுவுமே தீர்மானிக்கின்றன. இதனை அவர் ஏகபோக விலை என்பார். அவ்விலையால் வரும் மிகை இலாபம் தோட்டத்தை உடையவனுக்கு வாரமாகச் சென்றடைகின்றது.

எமது வினாவிற்கான விடை இவ்விரண்டாவது கருத்திலேயே உள்ளது என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. ஆடம்பர வேகக் கார் உற்பத்தியாளர் இலாபம் ஈட்டுதல் கூடும். ஆனால் கார் உற்பத்தியாளர் என்ற வகையிலன்று. பெயரென்னும் திராட்சைத் தோட்டத்தின் உடைமையாளர் என்ற வகையிலேயே அவர் இலாபம் பெறுகின்றார். தோட்டமின்றிக் காரை மட்டும் செய்தோர் மிகப் பெரும்பாலும் நொடித்துப் போயினர், அல்லது பெருமூலதனத்தின் மடியிற் சென்றமர்ந்தனர்.

பெராரி நிறுவனத்தை முதலில் நோக்குவோம். என்சோ பெராரி 1947 இல் மரனெல்லோ என்னும் சிற்றூரில் தமது பெயரிலான முதற் காரை வெளியிட்டார். காரை விற்றுப் பணம் ஈட்டிப் பந்தயத்திற் செலவிடுவதே அவரது நோக்கமாக இருந்தது. நிறுவனம் தன்காலில் நிற்கவில்லை. 1963 இல் அமெரிக்க போர்ட் கம்பனிக்கு விற்கும் பேச்சு நடந்து முறிந்தது. 1969 இல் மக்கள் காரான பியட்டைச் செய்த கம்பனிக்குப் பாதிப்பங்கு கைமாறிற்று. உலகப் புகழின் உச்சியில் நின்ற நிறுவனத்தைத் தாங்கிப் பிடித்தது, தூரின் நகரத்துத் தொழிலாளர் ஆயிரமாயிரமாகச் செய்து தள்ளிய சிறிய காரின் இலாபம் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இன்றைய நிலை வேறு. 2015 இல் பங்குச் சந்தைக்கு வந்த பெராரி, 2024 ஆம் ஆண்டில் 13,752 கார்களை மட்டும் விநியோகித்து, 667.7 கோடி யூரோ வருவாயும் 152.6 கோடி யூரோ தேறிய இலாபமும் பெற்றது. காரொன்றுக்குச் சராசரியாக ஒரு இலட்சத்துப் பத்தாயிரம் யூரோவுக்கு மேல் இலாபம் என்பது இதன் பொருள். தொழிற்பாட்டு இலாபம் வருவாயில் 28 வீதத்துக்கு மேற்பட்டது. அதே ஆண்டில் 90 இலட்சம் வாகனங்களை விற்ற வொக்ஸ்வாகன் குழுமத்துக்கு அது சுமார் 6 வீதமே. இவ்வேறுபாட்டைத் தொழில்நுட்ப மேன்மையாலோ தொழிலாளரின் திறனாலோ விளக்கிவிட இயலாது. கார் விற்பனை வருவாயில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு, வாங்குபவர் தமக்கென விரும்பிக் கேட்கும் வர்ணம், தோல், தையல் முதலிய தனிச் சேர்க்கைகளால் வருகின்றது. தையலூசியின் உழைப்பு எங்கும் ஒன்றே. பெராரியின் இருக்கையிற் புகும்போது மட்டும் அது பொன்னூசியாகின்றது.

சந்தை வேண்டுவதிலும் ஒரு காரைக் குறைவாகவே விற்றல் வேண்டும் என்பது அந்நிறுவனத்தின் நெடுநாட் கொள்கை. 2013 ஆம் ஆண்டில் அதன் தலைவராயிருந்த மொன்டெசெமோலோ, விற்பனையை 7,000 கார்களுக்குள் அடக்கப்போவதாக வெளிப்படையாகவே அறிவித்தார். உற்பத்தி ஆற்றலை வளர்ப்பதே முதலாளித்துவத்தின் வரலாற்றுப் பணி என்று கற்ற மாணவனுக்கு இது விந்தையாகத் தோன்றும். உற்பத்தியைத் தடுத்து நிறுத்துவதே இங்கு இலாபத்தின் உபாயம். இன்னுமொன்று: சிலவகைக் கார்களைப் பணமிருந்தாலும் எல்லோரும் வாங்கிவிட முடியாது, முன்னரே பல கார்களை வாங்கியோரைக் கம்பனியே தேர்ந்தெடுத்து அழைக்கும். விற்பவன் வாங்குபவனுக்குத் தகுதி பார்க்கும் இம்முறை, நிலப்பிரபுத்துவ அவையின் சாயல் முதலாளித்துவத்தின் உச்சியிலே மீண்டும் தலைகாட்டுவதாகும். 1950 இல் உலகப் போர்முலா வண் போட்டிகள் தொடங்கிய நாள்முதல் ஒரு பருவத்தையும் தவறவிடாது பெராரி பந்தயமோடி வருவதும் இதனாலேயே. பந்தயம் அதன் தலைக்கோல்.

பெராரியைக் கொண்டு அத்துறை முழுவதையும் அளத்தல் பெருந்தவறு. அஸ்டன் மார்ட்டின் கம்பனி 1913 இல் தோன்றியது. அது ஏழு தடவை வங்குரோத்தானது என்று சொல்லப்படுவதுண்டு. 1947 இல் அதனை வாங்கிய டேவிட் பிரவுன் உழவு இயந்திரமும் பற்சக்கரமும் செய்து பொருளீட்டியவர்; 1972 இல் கைவிட்டார். 1987 முதல் 2007 வரை போர்ட் கம்பனி அதனை வைத்திருந்தது. 2018 இல் ஒரு பங்கு 19 பவுண் என்ற விலையில் இலண்டன் சந்தைக்கு வந்த அக்கம்பனியின் பங்குப் பெறுமதி மிக விரைவிற் கரைந்துபோக, 2020 இல் கனடியச் செல்வந்தர் லோரன்ஸ் ஸ்ட்ரோல் தலைமையிலான குழு பணமிட்டுக் காத்தது. 2024 இல் ஏறத்தாழ 6,000 கார்களை விற்றும் 28.9 கோடி பவுண் நட்டமே கண்டது. தேறிய கடன் 116 கோடி பவுணாயிற்று. உலகறிந்த உளவாளித் திரைப்படங்களில் இடம்பெற்ற கார் இது. புகழ் இருந்தும் இலாபம் இல்லாமைக்குக் காரணம் என்ன? புகழ் வேறு, அப்புகழை வாரமாக மாற்றும் ஏகபோகக் கட்டுப்பாடு வேறு. கடனுக்கு வட்டி கட்டவேண்டிய நிறுவனம் விற்பனையை மட்டுப்படுத்திக் காத்திருக்கவியலாது, விற்றே தீரவேண்டும். விற்கவிற்க அரிதென்ற தன்மை அழியும். கழுத்திற் கடனோடு நிற்கும் கூனி மாலையை முதலிற் கேட்ட விலைக்கே கொடுத்துவிடுவாள்.

லம்போகினியும் உழவு இயந்திரத்தின் பிள்ளையே. உழவு இயந்திர உற்பத்தியாளரான பெருச்சியோ லம்போகினி 1963 இல் தொடங்கிய நிறுவனம் 1970 களின் முற்பகுதியிற் கைமாறி, 1978 இல் நொடித்து, பின்னர் 1987 இல் கிறைஸ்லரிடமும், 1994 இல் இந்தோனேசியச் செல்வந்தரிடமும், 1998 இல் வொக்ஸ்வாகன் குழுமத்து ஓடியிடமும் சென்றது. (பயிர்செய்யும் கருவியாற் சேர்ந்த பொருள் இருமுறை இவ்வாறு வேகக் காரிற் கரைந்தமை தற்செயலாயிருக்கலாம், படுவான்கரையில் உழவு இயந்திரத்தை வாடகைக்குப் பிடிக்கும் விவசாயிக்கு அது வேறுவிதமாகத் தோன்றக்கூடும்.) அதன் இன்றைய செழிப்பு 2018 இல் வெளிவந்த ஊருஸ் என்னும் உயரமான குடும்ப வாகனத்தால் வந்தது, அண்மை ஆண்டுகளில் விற்பனையிற் பாதிக்கு மேற்பட்டது அதுவே. அவ்வாகனத்தின் அடித்தளம் வொக்ஸ்வாகன் குழுமத்தின் பிற வாகனங்களுக்கும் பொதுவானது. 2002 இல் கயென் வாகனத்தை வெளியிட்டு போர்ஷே காட்டிய வழியும் இதுதான். வேகக் கார் பெயரைக் காக்கும். பெயர் குடும்ப வாகனத்தை விற்கும்.

போர்ஷேயின் வரலாற்றில் மற்றொரு பாடம் உண்டு. 2007-08 நிதியாண்டில் அக்கம்பனியின் விற்பனை வருவாய் ஏறத்தாழ 750 கோடி யூரோ. வரிக்கு முந்திய இலாபமோ 850 கோடி யூரோவுக்கு மேல். விற்பனையை விஞ்சிய இலாபம் எங்ஙனம் வந்தது? வொக்ஸ்வாகன் பங்குகளின் மீது செய்த நிதி ஒப்பந்தங்களே அதிற் பெரும்பகுதியை, சுமார் 680 கோடி யூரோவை, ஈட்டின. மறுவருடமே கடன் 1,000 கோடி யூரோவைத் தாண்ட, விழுங்க முனைந்த நிறுவனமே விழுங்கப்பட்டது. உற்பத்தியிலிருந்து விலகி நிதியாகவே பெருக முனையும் மூலதனத்தின் இயல்பை இதனினும் தெளிவாக விளக்கும் கணக்கறிக்கை ஒன்றை யாம் கண்டதில்லை.

இனி, எமது பிரதேசத்தவர் தனிக்கவனத்தோடு நோக்கவேண்டிய நிகழ்ச்சியொன்று உள்ளது. வட அயர்லாந்தில் உள்நாட்டுப் பூசல் உக்கிரமாயிருந்த காலம் அது. ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனியில் உயர்பதவி வகித்து விலகிய ஜோன் டி லோறியன் என்னும் அமெரிக்கர், புதிய வேகக் காரொன்றைச் செய்ய இடந்தேடினார். முதலிற் புவெர்ட்டோ ரிக்கோவோடு பேசினார். வட அயர்லாந்திலே தொழிலின்மையும் வன்முறையும் ஒன்றையொன்று வளர்ப்பதைக் கண்டு கலங்கியிருந்த பிரித்தானிய அரசு, 1978 இல் பெருந்தொகை தர முன்வந்தது. இறுதியில் அது ஏறத்தாழ 8 கோடி பவுணாயிற்று. பெல்பாஸ்ற் நகரையடுத்த டன்மரியில், கத்தோலிக்கர் குடியிருப்புக்கும் புரட்டஸ்தாந்தர் குடியிருப்புக்கும் இடையேயுள்ள நிலத்தில் தொழிற்சாலை எழுந்தது. இரு சமூகத்தவருக்கும் இருபுறத்து வாயில்கள். உள்ளே இரு சாராரும் ஒரே வரிசையில் நின்று உழைத்தனர். உச்ச நிலையில் சுமார் 2,500 பேர் அங்கு வேலை பெற்றனர். அவர்களிற் பலர் அதற்கு முன் நிலையான தொழிலையே கண்டிராதவர்கள். சிறையில் உண்ணாவிரதமிருந்தோர் இறந்துகொண்டிருந்த 1981 இலும் அத்தொழிற்சாலை இயங்கிற்று. இது பாராட்டத்தக்க சாதனை என்பதில் ஐயமில்லை; அச்சாதனை தொழிலாளருடையது.

கார் விற்கவில்லை. 25,000 டொலர் விலையிட்ட அக்கார் அமெரிக்கப் பொருளாதாரம் மந்தமுற்ற வேளையிற் சந்தைக்கு வந்தது. பெயரின்றி வந்தது என்பதே முதன்மையான குறை: அரசனின் முத்திரை பெறாத மாலை அது. 1982 பெப்ரவரியில் நிறுவனம் கடன்காரர் சார்பான நிர்வாகத்தின் கீழ்ச் சென்றது; அவ்வாண்டு முடிவதற்குள் தொழிற்சாலை மூடப்பட்டது. செய்யப்பட்டவை மொத்தம் ஏறத்தாழ 9,000 கார்கள். பொறியியல் வேலைக்கென ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதி வெளிநாட்டுக் கம்பனியொன்றின் வாயிலாக வேறு கைகளுக்குச் சென்றமை பின்னர் வெளிப்பட்டு, காரின் பொறியியற் பணியை ஏற்ற லோட்டஸ் கம்பனியின் நிதிப் பணிப்பாளர் 1992 இல் தண்டிக்கப்பட்டார். 1985 இல் வெளிவந்த அமெரிக்கத் திரைப்படமொன்று அதே காரைக் காலத்தை ஊடறுக்கும் இயந்திரமாகக் காட்டியது. உலகெங்கும் அதன் பெயர் பரவிற்று. திராட்சைத் தோட்டம் பூத்தது. தோட்டக்காரர் வேலையிழந்து மூன்றாண்டுகள் கழிந்திருந்தன.

போரினால் நலிந்த பிரதேசத்திற்கு எத்தகைய தொழில் வேண்டும் என்று பேசும்போதெல்லாம் டன்மரி எமது நினைவுக்கு வருதல் வேண்டும். 1950 களின் நடுப்பகுதியில் வாழைச்சேனையில் அரசு நிறுவிய கடதாசி ஆலை எத்தனையோ இன்னல்களைக் கண்டது. நீண்ட காலம் முடங்கியும் கிடந்தது. எனினும் அது வைக்கோலைக் கடதாசியாக்கும் நோக்கோடு எழுந்தது. அயல் வயலும் அயற் பாடசாலையும் அதன் இரு முனைகள். டன்மரியின் இரு முனைகளும் கடலுக்கப்பால் இருந்தன.

தெற்காசியாவில் ஆடம்பரக் கார் முயற்சிகள் இல்லாமலில்லை. சென்னையை அடுத்த பெருங்களத்தூர்ப் பகுதியில் இயங்கிய ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம், ஆங்கிலேய ரோவர் காரின் உடலைத் தழுவி, அதனுள் தன் பழைய எந்திரத்தைப் பொருத்தி, ‘ஸ்டாண்டர்ட் 2000’ என்னும் உயர்விலைக் காரை 1985 இல் வெளியிட்டது. அது வேகக் காரன்று. ஆயினும் இங்கு இடம்பெறத் தக்கது. ஹெரல்ட் போன்ற எளிய கார்களால் தமிழ்நாட்டுத் தெருக்களில் அறியப்பட்ட அந்நிறுவனம் மேல்தட்டை நாடிய மூன்றே ஆண்டுகளில், 1988 அளவில், உற்பத்தியை நிறுத்திற்று. 2012 இல் புதுடில்லிக் கண்காட்சியில் ஆரவாரத்தோடு காட்டப்பட்ட ‘அவந்தி’, இந்தியாவின் முதலாவது வேகக் கார் எனப் போற்றப்பட்டது. எந்திரம் பிரெஞ்சு ரெனோல்ட் நிறுவனத்துடையது. அதுவும் நிலைக்கவில்லை.

குரோசியாவின் ரிமாக் நிறுவனமோ வேறு வகையினது. 2009 இல் இளைஞர் ஒருவர் தொடங்கிய இம்முயற்சி, மின்சார வேகக் கார்களைச் செய்து உலகை வியக்க வைத்தது. சிறிய நாடொன்றால் இது இயலும் என்பதற்கு அதனைச் சான்று காட்டுவர். ஆயின் அதன் தொழிலிற் கனமான பகுதி, மின்கலத் தொகுதிகளையும் உந்துபொறிகளையும் பிற பெருங்கம்பனிகளுக்குச் செய்து கொடுப்பதாகும். போர்ஷேயும் ஹுண்டாயும் அதிற் பணமிட்டன. கார் அங்கு விளம்பரப் பலகை. வியாபாரம் பலகைக்குப் பின்னால் நடக்கின்றது. ஐரோப்பியப் பொதுச்சந்தையின் உள்ளே இருக்கும் வாய்ப்பும் அதற்குண்டு.

இனி இலங்கைக்கு வருவோம். கலாநிதி ஹர்ஷ சுபசிங்க நிறுவிய கோட்ஜென் என்னும் மென்பொருட் கம்பனியின் ஆதரவில் 2013 அளவில் ‘வேகா’ முயற்சி தொடங்கிற்று. ஏறத்தாழ 900 குதிரைவலுவுடைய, கார்பன் இழையாலான உடல்கொண்ட மின்சாரக் காரொன்றை இந்நாட்டுப் பொறியியலாளரே வடிவமைத்தனர். 2020 இல் ஜெனீவா மோட்டார் கண்காட்சியில் அதனைக் காட்டத் திட்டமிடப்பட்டிருந்தது. பெருந்தொற்றினால் அக்கண்காட்சியே நடைபெறவில்லை. அக்கார் தொடர் உற்பத்தியாகச் சந்தைக்கு வந்ததில்லை. இதனைப் பொறியியலாளரின் தோல்வியாகக் கொள்ளுதல் தகாது. அவர்கள் செய்யவேண்டியதைச் செய்தனர். விற்கப்படவேண்டிய பொருள் தொழிற்சாலையில் ஆக்கக் கூடியதன்று என்பதே சிக்கல். எழுபது ஆண்டுப் பந்தய வெற்றிகளையும், கேட்டாலும் தரமாட்டோம் என்று மறுக்கும் செருக்கையும் மென்பொருளாலோ கார்பன் இழையாலோ செய்துவிட முடியாது. வாங்குவோர் யாவர் என்பதும் சிக்கலே. 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2022 ஏப்பிரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பித்தர இயலாதெனக் கைவிரித்து, 2025 பெப்ரவரியிலேயே தனியார் வாகனங்களுக்கு மீண்டும் கதவைத் திறந்த நாடு இது.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். ஆடம்பரத் தொழிலே நுட்ப வளர்ச்சிக்கு ஊக்கியாவது என்றும், முதலாளித்துவத்தின் பிறப்புக்கே ஆடம்பர நுகர்வு காரணம் என்றும் வேர்னர் சோம்பார்ட் 1913 இல் எழுதிய நூல் தொடக்கம் வாதிக்கப்பட்டுள்ளது. இதில் உண்மை இல்லாமலில்லை. 1953 இல் பிரான்சின் லமான் பந்தயத்தில் ஜகுவார் கார்களுக்கு வெற்றி தேடித்தந்த தட்டுத் தடுப்பு இன்று சாதாரண மோட்டார் சைக்கிளிலும் உள்ளது. ஆனால் அந்நுட்பத்தால் வந்த பெரும் ஆதாயம் வேகக் கார் செய்தோரிடம் தங்கவில்லை. பெருந்தொகையாகச் செய்தோரிடமே சென்று குவிந்தது. ஆகவே இம்மறுப்பு எமது கூற்றை வலுப்படுத்துகின்றதேயன்றித் தகர்க்கவில்லை.

பெருந்தொகையாகச் செய்தல் என்றதும் மட்டக்களப்பு நகரத்துத் தரிப்பிடங்களில் வரிசையாக நிற்கும் முச்சக்கரவண்டி நினைவுக்கு வருகின்றது. இலங்கையிற் பதிவாகியுள்ள முச்சக்கரவண்டிகள் 10 இலட்சத்துக்கு மேல். அவற்றுட் பெரும்பாலானவை இந்தியாவின் பஜாஜ் நிறுவனத்தவை. அந்நிறுவனம் 2023-24 நிதியாண்டில் 7,400 கோடி இந்திய ரூபாவுக்கு மேல் இலாபம் பெற்றது. அஸ்டன் மார்ட்டின் நட்டத்தில் தவிக்கையில் ஏழையின் வண்டியும் மோட்டார் சைக்கிளும் செய்தவர் செழிக்கின்றார். இதனைக் கண்டு மகிழ்வதற்கும் எமக்கு உரிமையில்லை. புனேயில் ஆகும் இலாபம் ஒருபுறமிருக்க, ஏறாவூரிலோ களுவாஞ்சிகுடியிலோ வண்டியோட்டும் இளைஞன் லீசிங் கம்பனிக்கு மாதந்தோறும் செலுத்தும் தவணையில் வட்டியின் பங்கு கனமானது. தவணை தவறின் வண்டி போய்விடும். செல்வந்தனின் காரில் ஏகபோக வாரமும், வறியவனின் வண்டியில் வட்டியும் எனச் சுரண்டலின் வடிவம் மாறுபடுகின்றது. முன்னதில் வாங்குபவன் விரும்பியே இழக்கின்றான்.

வேகாக் குழுவினர் வேகக் காரோடு நின்றுவிடவில்லை என்பது இவ்விடத்துக் குறிப்பிடத்தக்கது. மின்சார முச்சக்கரவண்டியொன்றையும், மின்னேற்றும் சாதனங்களையும் அவர்கள் வடிவமைத்தனர். பத்திரிகைகள் காருக்குத் தந்த இடத்தை இவற்றுக்குத் தரவில்லை. உந்துபொறியின் கட்டுப்பாடு, மின்கலத்தின் வெப்ப நிருவாகம் முதலிய அறிவு இரண்டுக்கும் பொதுவானது. 900 குதிரைவலுவுக்கெனப் பெற்ற தேர்ச்சி பத்துக் குதிரைவலுவுக்குப் பயன்படாது போவதில்லை. வாவியில் இயங்கும் சிறுபடகின் வெளியிணைப்பு இயந்திரத்துக்கும், மண்முனையில் 2014 இல் பாலம் திறக்கப்படும்வரை மக்களை அக்கரை சேர்த்த ‘பாதை’ போன்ற மிதவைகளுக்கும் அது பொருந்தும். இத்தகைய பண்டத்திற்கு மன்னனின் முத்திரை வேண்டியதில்லை. மூலதனமும், உதிரிப்பாகமும், வட்டி குறைந்த கடனும், அரசின் கொள்முதலும் வேண்டும். அவை கிடையாமையாலேயே வடிவமைப்பு வடிவமைப்பாக நிற்கின்றது.

2022 நடுப்பகுதியில் எரிபொருள் தீர்ந்து, விரைவுக் குறியீட்டு அட்டை முறை நடைமுறைக்கு வந்தபோது, அரசு வாரமொன்றுக்கு முதலில் நிர்ணயித்த பங்கீடு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், முச்சக்கரவண்டிக்கு 5 லீற்றர், காருக்கு 20 லீற்றர். தொழிலுக்கென ஓடும் வண்டிக்கும் உலாவுக்கென ஓடும் காருக்குமிடையே அப்பட்டியல் இட்ட விகிதம் ஒன்றுக்கு நான்கு. அந்த 5 லீற்றர் தீர்ந்தபின் வாரத்தின் எஞ்சிய நாட்களில் முச்சக்கரவண்டிகள் எரிபொருள் நிலையத்து வரிசையிலோ வீட்டு முற்றத்திலோ கிடந்தன. தவணைத் திகதி மட்டும் தள்ளிப்போகவில்லை.